போட்டோ இல்லாம வந்த ரெக்கார்டு

அமெரிக்கால நாஷ்வில்ல நான் இருந்தது மொத்தமே பதினாலு மாசம். ஆபீஸ் ப்ராஜெக்ட், டவுன்ல இருந்து இருபது மைல் தள்ளி ஒரு அபார்ட்மெண்ட், ஊருக்குத் திரும்பிப் போற ஒரு தமிழ்ப் பையன்கிட்ட இருந்து பழைய கார் ஒண்ணு வாங்கினேன், அதுல ப்ளூடூத் கிடையாது, சிடி ப்ளேயர்ல முன்னாடி இருந்தவன் போட்ட ஏதோ ஒரு சிடி மாட்டிக்கிட்டு வெளிய வரமாட்டேன்னு அடம்பிடிக்கும், அதனால எஃப்எம் தான் கதி. அந்த ஊர்ல எஃப்எம்ம எந்தப் பக்கம் திருப்பினாலும் கன்ட்ரி மியூசிக், அதாவது அமெரிக்கத் தெற்குப் பக்கத்துக் கிராமத்துப் பாட்டு.

முதல் ரெண்டு மாசம் செம கடுப்பு. எல்லாப் பாட்டும் ஒரே பாட்டு மாதிரி, ட்ரக்கு, பீரு, விட்டுட்டுப் போன பொண்ணு, மறுபடி ட்ரக்கு. அப்புறம் எப்பன்னு தெரியல, காது பழகிடுச்சு. முக்கியமா அந்த ஸ்டீல் கிட்டார். ஒரு ஸ்வரத்துல இருந்து இன்னொண்ணுக்குத் தாவாம வழுக்கிக்கிட்டே போகும் பாருங்க, நம்ம ஊர்ல கோட்டு வாத்தியம் கேட்டவங்களுக்கு அது என்ன பண்ணும்னு நான் சொல்ல வேண்டியதில்ல.

ஒரு ஞாயித்துக்கிழமை காலைல பழைய பாட்டு போடற ப்ரோக்ராம். மளிகை சாமான் வாங்கப் போயிட்டிருக்கேன். ஒரு ஆம்பளக் குரல், கனமான ஆனா இறுக்கமே இல்லாத குரல், காலைல பொண்டாட்டிய கொஞ்சிட்டு வேலைக்குப் போறதப் பத்தி ஒரு பாட்டு. பார்க்கிங்ல வண்டிய நிறுத்திட்டு பாட்டு முடியற வரைக்கும் இறங்கல. மனசுல ஒரு உருவம் தானா வந்துடுச்சு: கவ்பாய் தொப்பி, சிவந்த கழுத்து, டெக்சாஸ் பக்கம் மாட்டுப்பண்ணை வச்சிருக்கிற ஒரு வெள்ளக்காரப் பெரியவர்.

திங்கக்கிழமை ஆபீஸ்ல என் பக்கத்து சீட்டுக்காரர்கிட்ட இதச் சொன்னேன். மெம்ஃபிஸ்காரர், கறுப்பினத்தவர், என்னவிட பதினஞ்சு வயசு மூத்தவர். நான் பாட்ட முனகிக் காட்டினதும் அவர் சிரிக்க ஆரம்பிச்சாரு, நிறுத்தவே இல்ல. "தொப்பி போட்ட வெள்ளக்காரரா? தம்பி, அது சார்லி பிரைடு. என்ன மாதிரி ஆளு"ன்னு கைய நீட்டி தோலக் காட்டினாரு.

எனக்கு நிஜமாவே வெக்கமா போச்சு. நானே மாநிறம் கூட இல்ல, கருப்பு. எனக்கே அந்தக் குரலக் கேட்டதும் வெள்ள முகம் தான் தோணுது. யாரு இத என் மண்டைக்குள்ள வச்சாங்க? அதத் தேடிப் போனதுல வந்தது தான் இந்தக் கட்டுரை, நீளமா போகும், டீ போட்டு வச்சுக்கோங்க.

சார்லி பிரைடு பொறந்தது 1934ல, மிசிசிப்பில ஸ்லெட்ஜ்னு ஒரு சின்ன ஊரு. கூடப் பொறந்தவங்களோட சேத்து பதினோரு பிள்ளைங்க. அப்பா வாரத்துக்கு விவசாயம் பண்றவரு, அதாவது நிலம் வேற ஒருத்தனோடது, பிள்ளைங்க எல்லாரும் பருத்தி எடுக்கணும். வீட்டுல ஒரு ஃபில்கோ ரேடியோ. சனிக்கிழமை ராத்திரி ஆனா அப்பா அத நாஷ்வில்லோட கிராண்ட் ஓல்ட் ஆப்ரிங்கிற கன்ட்ரி மேடைக் கச்சேரி ஒலிபரப்புக்கு திருப்பிடுவாரு. பையனுக்கு அதுதான் சங்கீதம். பதினாலு வயசுல சியர்ஸ் கம்பெனில பத்து டாலருக்கு ஒரு கிட்டார் வாங்கி, ரேடியோவக் கேட்டுக் கேட்டுத் தானா கத்துக்கிட்டான். அவரோட அக்கா "அவங்க பாட்ட நீ எதுக்குப் பாடற"ன்னு கேப்பாங்களாம், இதப் பல பேட்டில அவரே சொல்லியிருக்காரு. இந்த "அவங்க பாட்டு"ங்கிற வார்த்தைய ஞாபகம் வச்சுக்கோங்க, திரும்ப வருவேன்.

ஆனா ஆளுக்கு ஆசை பாட்டு மேல இல்ல, பேஸ்பால் மேல. கறுப்பர்களுக்குன்னு தனியா இருந்த லீக்ல பந்து வீசினாரு. அங்க ஒரு கூத்து நடந்துச்சு, அவரையும் இன்னொரு ஆட்டக்காரரையும் ஒரு டீம் இன்னொரு டீமுக்கு வித்துச்சு, காசுக்கு இல்ல, ஒரு பழைய பஸ்ஸுக்கு. பழைய வண்டிக்கு மாத்தி விக்கப்பட்ட ஆளு சரித்திரத்துலயே நாங்க ரெண்டு பேரா தான் இருப்போம்னு பின்னாடி அவரே சொல்லிச் சிரிப்பாரு. பெரிய லீக் கனவு பலிக்கல. மோன்டானால உலோகம் உருக்குற ஆலைல வேலை, அந்தக் கம்பெனி டீமுக்கு பேஸ்பால், ஆட்டத்துக்கு முன்னாடி மைதானத்துல கொஞ்ச நேரம் பாடினா கூட்டம் சேருதுன்னு அதுக்குக் கொஞ்சம் கூடுதல் காசு. அங்க இருந்து தான் நாஷ்வில்.

1965ல அவரோட டேப் செட் அட்கின்ஸ் கைக்குப் போகுது. ஆர்சிஏ ரெக்கார்டு கம்பெனியோட நாஷ்வில் பொறுப்பு அவருகிட்ட, தானே பெரிய கிட்டார் வித்வான். மனுஷன் என்ன பண்ணாருன்னா கம்பெனி பெருந்தலைங்க கூடுன மீட்டிங்ல அந்த டேப்ப போட்டாரு, பாடுறது யாருன்னு சொல்லாம. எல்லாருக்கும் பிடிச்சுப்போச்சு. அப்புறம்தான் பாடகர் கறுப்பர்னு விஷயத்த உடைச்சாரு. சரி எடுத்துக்கலாம்னு முடிவு பண்ணாங்க. 1966 ஜனவரில முதல் ரெக்கார்டு வந்துச்சு. வழக்கமா புதுப் பாடகர்னா ரேடியோ ஸ்டேஷனுக்கெல்லாம் போட்டோவோட அனுப்புவாங்க, இவரோடது போட்டோ இல்லாமப் போச்சு. பேருக்கு முன்னாடி மட்டும் "கன்ட்ரி"னு ஒரு அடைமொழி, "கன்ட்ரி சார்லி பிரைடு". அதாவது முகத்த மறைச்சுட்டு முத்திரைய மட்டும் பெருசா குத்தி அனுப்பியிருக்காங்க.

அதே வருஷம் டெட்ராய்ட்ல ஒலிம்பியா ஸ்டேடியம், பத்தாயிரம் பேர் கூட்டம். பேரச் சொன்னதும் கைதட்டல். ரேடியோல கேட்ட குரல் ஆச்சே. பிரைடு மேடைக்கு நடந்து வராரு. கைதட்டல் அப்படியே தேஞ்சு தேஞ்சு, ஃபேன் கரண்ட்டு போனா எப்படி மெதுவா நிக்கும், அந்த மாதிரி நின்னுடுச்சு. பத்தாயிரம் பேரு கப்சிப். அந்த நேரத்துல அவரு சொன்னது தான் பிரசித்தம்: இந்த மாதிரி போகவே போகாத வெயில் நிறத்தோட ஒருத்தன் கன்ட்ரி மேடைக்கு வர்றது கொஞ்சம் விசித்திரம் தான்னு எனக்கும் தெரியும்னு. நம்ம ஊர்க்காரங்களுக்கு இந்த ஜோக் சட்டுன்னு ஏறாது, நாம வெயிலுக்கு குடை பிடிக்கிறவங்க. அங்க வெள்ளக்காரங்க மெனக்கெட்டு பீச்ல படுத்து தோலக் கருக்கிக்குவாங்க, லீவு முடிஞ்சா அது போயிடும், என்னோடது நிரந்தரம்ங்கிறாரு. கூட்டம் சிரிச்சுது. அவரு பாடினாரு. மறுபடி கைதட்டல்.

இந்தக் கதைய எல்லாரும் சந்தோஷமா தான் சொல்வாங்க. பாத்தியா, இசை முன்னாடி நிறம் தோத்துப்போச்சு, ரசிகன் நல்லவன் அப்படின்னு. நானும் முதல்ல அப்படித்தான் படிச்சேன். அப்புறம் அந்த மௌனத்துலயே மாட்டிக்கிட்டேன். அந்த சில நொடி அவரு மேடைல தனியா நின்னாரே, அப்ப சங்கடம் யாரோடது? கூட்டத்தோடது. அதத் தீத்து வைக்கற வேலை யாருக்கு வந்துச்சு? அவருக்கு. தன் தோல தானே கிண்டல் பண்ணி, பரவால்ல சிரிங்கன்னு அனுமதி குடுத்தாத்தான் அவங்க மூச்சு விடுவாங்க, அதுக்கப்புறம்தான் பாட்டு. அந்த ஜோக்க அவரு வருஷக்கணக்கா மேடைல சொல்லியிருக்காரு. எத்தன ஊரு, எத்தன மேடை, ஒவ்வொண்ணுலயும் நுழைவுக் கட்டணம் கட்டுற மாதிரி.

சரி, கட்டினாரு, உள்ளயும் போனாரு. எப்படிப் போனாருன்னா 29 பாட்டு பில்போர்டு பத்திரிகையோட கன்ட்ரி லிஸ்ட்ல நம்பர் ஒன். 1971ல சிஎம்ஏவோட, அதாவது கன்ட்ரி மியூசிக் அசோசியேஷனோட, அந்த வருஷத்துக் கலைஞர் விருது, அவங்க குடுக்கறதுலயே பெரிய விருது அதுதான். 1970கள்ல ஆர்சிஏல எல்விஸ் பிரெஸ்லிக்கு அடுத்தபடியா வித்தது இவரு தான்னு சொல்வாங்க. 1976ல வட அயர்லாந்து பெல்ஃபாஸ்ட்ல கத்தோலிக்கனுக்கும் ப்ராட்டஸ்டன்டுக்கும் சண்டை, குண்டு வெடிச்சிட்டிருந்த காலம், வெளிநாட்டுப் பாடகருங்க பெரும்பாலும் எட்டிப்பாக்காத நேரத்துல போய்ப் பாடினாரு, கத்தோலிக்கனும் ப்ராட்டஸ்டன்டும் ஒரே அரங்குல உக்காந்து கேட்டாங்க, இன்னைக்கும் அயர்லாந்துல அவருக்குத் தனி மரியாதை.

இப்ப அந்த "அவங்க பாட்டு"க்கு வரேன். கன்ட்ரின்னதும் படத்துல முதல்ல காட்டற பாஞ்சோ இருக்கே, அது ஆப்பிரிக்கா வாத்தியம். சுரைக்குடுக்கைல தோல் கட்டி நரம்பு பூட்டுன வாத்தியங்கள் மேற்கு ஆப்பிரிக்கால இன்னைக்கும் இருக்கு, அடிமையா பிடிச்சுட்டுப் போன ஜனங்க கரும்புத் தோட்டத்துலயும் புகையிலைத் தோட்டத்துலயும் ஞாபகத்துல இருந்து செஞ்ச வாத்தியம் அது. கன்ட்ரியோட பெரிய பாடகர் ஹேங்க் வில்லியம்ஸுக்கு சின்ன வயசுல சொல்லிக்குடுத்தவரு ரூஃபஸ் பெய்ன்னு ஒரு கறுப்புத் தெருப்பாடகர். கார்ட்டர் குடும்பம்னு கன்ட்ரியோட ஆதி குடும்பம் ஒண்ணு இருக்கு, அந்த ஏ.பி. கார்ட்டர் ஊர் ஊரா பாட்டு சேகரிக்கப் போனப்ப கூடவே போய் மெட்ட மனசுல பதிச்சுட்டு வந்தவரு லெஸ்லி ரிடில், அவரும் கறுப்பர். புளூகிராஸ்னு கன்ட்ரியோட ஒரு கிளைய உருவாக்குன பில் மன்ரோ தன் குருன்னு சொன்ன ஆர்னால்ட் ஷுல்ட்ஸும் கறுப்பர்.

அப்புறம் எப்படி இது "அவங்க" பாட்டு ஆச்சு? கடை அலமாரியால. 1920கள்ல ரெக்கார்டு கம்பெனிங்க தெற்குப் பக்கம் வந்து பாட்டு பதிய ஆரம்பிச்சப்ப ரெண்டு கேட்டலாக் போட்டாங்க. கறுப்பர் பாடினது "ரேஸ் ரெக்கார்டு", வெள்ளக்காரர் பாடினது "ஹில்பில்லி". ஒரே கிராமத்துல ஒரே டான்சுக்கு ஒரே பிடிலுக்கு வாசிச்சவங்க தான், தோலப் பாத்து வேற வேற பொட்டில போட்டாங்க. கறுப்பர் பிடில் எடுத்துட்டு வந்தா, அது வேணாம் ப்ளூஸ் இருந்தா பாடுன்னுதான் பெரும்பாலும் கேட்டாங்க. பத்து இருபது வருஷம் இப்படி வித்தா ஜனங்க அதுதான் இயற்கைன்னு நம்பிடுவாங்க. ரசிகன் ரசனை ரசிகன் ரசனைன்னு சொல்றோமே, அதுல பாதி கேட்டலாக் அச்சடிச்சவனோட ரசனை. (இதப் படிக்கறப்ப நம்ம ஊர்ல எந்த வாத்தியம் எந்தத் தெருவோடதுன்னு உங்களுக்கு வரிசையா ஞாபகம் வரும். எனக்கும் வந்துச்சு. அது வேற கட்டுரை.)

பிரைடுக்கு நாப்பது வருஷம் முன்னாடியே ஒருத்தரு இதே ரேடியோல இருந்தாரு, டிஃபோர்ட் பெய்லி. சின்ன வயசுல போலியோ வந்து படுத்த படுக்கையா கிடந்தப்ப மவுத் ஆர்கன் பழகினவரு, குள்ளமான உருவம், ஓடற ரயில வாயாலயே கொண்டு வந்துடுவாரு, தூரத்துல கூவறது, பாலத்து மேல ஏறுறது, சத்தம் தேஞ்சு போறது எல்லாம். 1927 டிசம்பர்ல ஒரு சனிக்கிழமை ராத்திரி, நாஷ்வில் டபிள்யூஎஸ்எம் ரேடியோல கிளாசிக்கல் ப்ரோக்ராம் முடிஞ்ச கையோட இவரு ரயில் பாட்ட வாசிக்க, அறிவிப்பாளர் ஜார்ஜ் ஹே, இவ்வளவு நேரம் கிராண்ட் ஆப்ரா கேட்டீங்க இனிமே கிராண்ட் ஓல்ட் ஆப்ரின்னு ஒரு போடு போட்டாரு, அந்தப் பேரு தான் நூறு வருஷமா நிக்குது. பேரு பொறந்த நேரத்துல மைக் முன்னாடி இருந்தது ஒரு கறுப்பர். ரேடியோங்கிறதால கேட்டவங்க பல பேருக்கு அவரு கறுப்பர்னே தெரியாது.

டூர் போனா வெள்ளப் பாடகர்களுக்கு இவர வச்சுத்தான் கூட்டமே வரும். ஆனா அவங்க தங்கற ஹோட்டல்ல இவருக்கு ரூம் கிடையாது. 1941ல அவர நிகழ்ச்சில இருந்து தூக்கிட்டாங்க. பாட்டு உரிமைச் சங்கத்துக்கும் ரேடியோக்காரங்களுக்கும் அப்ப ஒரு சண்டை, பழைய பாட்ட ரேடியோல வாசிக்க முடியாத நிலைமை, இவரு புதுசா கத்துக்கலன்னு ஒரு காரணம் சொன்னாங்க, சோம்பேறின்னு ஹே புஸ்தகத்துல வேற எழுதி வச்சாரு. பெய்லி என்ன பண்ணாரு? நாஷ்வில்லயே ஷூ பாலீஷ் கடை போட்டாரு. அந்தக் கடை இருந்த தெருப் பக்கம் ஒரு நாள் போய் நின்னேன். இப்ப அங்க பாக்கறதுக்கு ஒண்ணுமில்ல, வண்டி போகுது வருது. ஆப்ரி இந்தப் பக்கம் வாராவாரம் ஓடிட்டிருக்க, அதுக்குப் பேரு வரக் காரணமான ஆளு அதே ஊர்ல குனிஞ்சு அடுத்தவன் செருப்பத் துடைச்சுட்டிருந்திருக்காரு, பல வருஷம். 1982ல செத்தாரு. கன்ட்ரி ஹால் ஆஃப் ஃபேம்ல சேத்தது 2005ல.

பொம்பளைங்களுக்கு இன்னும் மோசம். லிண்டா மார்டெல் 1969ல ஆப்ரி மேடைல பாடினாங்க, தனியா அங்க பாடுன முதல் கறுப்பினப் பெண். அவங்க ரெக்கார்டு வெளியிட்ட லேபிளோட பேரு என்ன தெரியுமா, "பிளான்டேஷன் ரெக்கார்ட்ஸ்". தோட்டம்! அடிமைத் தோட்டம்னு தான் அந்த ஊர்ல அந்த வார்த்தைக்கு வாசனை. பேரு சரியில்லன்னு அவங்க சொல்லியும் யாரும் மதிக்கல. மேடைல பாடறப்ப கூட்டத்துல இருந்து வசவு வரும். ஒரே ஒரு ஆல்பம், அதோட சரி. தென் கரோலினாக்குத் திரும்பிப் போய் ஸ்கூல் பஸ் ஓட்டினாங்க. இதனால தான் சொல்றேன், எல்லாப் பழியையும் கம்பெனி மேல போட்டுட்டு ரசிகன தூய ஆத்மாவா ஆக்கவும் எனக்கு மனசு வரல. அந்த வசவ கம்பெனி கத்தல, டிக்கெட் வாங்கி வந்தவன் கத்தினான்.

பிரைடு கதைய "கதவு திறந்துச்சு"ன்னு சொல்றவங்களுக்கு ஒரே ஒரு கணக்கு போதும். பிரைடோட கடைசி நம்பர் ஒன் 1983ல. அதுக்கடுத்து கன்ட்ரில ஒரு கறுப்புப் பாடகர் தனியாப் பாடி நம்பர் ஒன் வந்தது 2008ல, டேரியஸ் ரக்கர். இருபத்தஞ்சு வருஷம். ரக்கர் அதுக்கு முன்னாடியே ராக் பேண்டுல கோடிக்கணக்குல வித்த ஆளு, ஆனாலும் ஒவ்வொரு ரேடியோ ஸ்டேஷனா நேர்ல ஏறி இறங்கினாரு. ஒருத்தரு மூஞ்சிக்கு நேரா சொன்னாராம், பாட்டு எனக்குப் பிடிச்சிருக்கு, ஆனா என் ரசிகர்கள் கறுப்புக் கன்ட்ரி பாடகர ஏத்துக்க மாட்டாங்கன்னு. போட்டுப் பாத்தாங்க, ஏத்துக்கிட்டாங்க. இந்த "எனக்கு ஒண்ணும் இல்லப்பா, அவங்க தான்"ங்கிற வாக்கியம் இருக்கே, வாடகைக்கு வீடு தேடி அலைஞ்ச எவனுக்கும் அது புதுசு இல்ல. ஓனருக்கு ஆட்சேபணையே இருக்காது, அக்கம்பக்கத்துக்காரங்களுக்குத் தான் இருக்கும்.

அதுக்கப்புறம் நடந்ததெல்லாம் உங்களுக்கே தெரியும், வேகமா தாண்டிடறேன். 2019ல லில் நாஸ் எக்ஸ்னு ஒரு கறுப்பு ராப் பாடகரோட பாட்ட, இது போதுமான அளவு கன்ட்ரி இல்லன்னு பில்போர்டு கன்ட்ரி லிஸ்ட்ல இருந்து எடுத்தாங்க, அது பொது லிஸ்ட்ல 19 வாரம் நம்பர் ஒன்னா உக்காந்துச்சு. 2024ல பியான்ஸே கன்ட்ரி ஆல்பம் போட்டாங்க, லிண்டா மார்டெல் குரலையும் அதுல சேத்தாங்க, சிஎம்ஏல ஒரு நாமினேஷன் கூட இல்ல, அடுத்த வருஷம் கிராமில வருஷத்தோட சிறந்த ஆல்பமே அதுதான். நடுவுல 2021 பிப்ரவரில மார்கன் வாலன்னு ஒரு வெள்ளக் கன்ட்ரி பாடகர் அந்த அசிங்கமான இனச் சொல்லப் பேசுன வீடியோ வெளிய வந்துச்சு, ரேடியோங்க அவரு பாட்ட நிறுத்துச்சு, ஆல்பம் விக்கறது கூடிடுச்சு. அந்த வருஷம் அமெரிக்கால அதிகமா கேக்கப்பட்ட ஆல்பம் அதுதான். இங்க தடை போட்டது இண்டஸ்ட்ரி, தூக்கிப் பிடிச்சது ரசிகன். அதான் சொன்னேனே, யாரு நல்லவன்னு கோடு போட்டுப் பிரிக்க முடியல.

இதுல என்ன ரொம்ப யோசிக்க வச்சது "ஃபாஸ்ட் கார்" பாட்டு. கறுப்பினப் பாடகி ட்ரேசி சாப்மன் 1988ல பாடினது, கையில ஒரு கிட்டார், ஏழ்மை, குடிகார அப்பா, வண்டி ஏறி ஊர விட்டே ஓடிடலாம்னு ஒரு ஆசை. கன்ட்ரிக்கு இதவிட வேற என்ன வேணும்? ஆனா கன்ட்ரி ரேடியோவுக்கு அது அப்ப கன்ட்ரி இல்ல. 2023ல லூக் கோம்ப்ஸ்னு தாடி வச்ச வெள்ளக்காரத் தம்பி அதையே, ஒரு வார்த்தை பெருசா மாத்தாம, பொண்ணு சொல்ற வரியக் கூட பொண்ணாவே வச்சுப் பாடினாரு. அப்ப அது கன்ட்ரி ஆயிடுச்சு. சிஎம்ஏல அந்த வருஷத்துப் பாட்டு விருது சாப்மனுக்கு, அந்த விருது வாங்குன முதல் கறுப்பு எழுத்தாளர் அவங்க தான். கோம்ப்ஸ் மேல எனக்கு ஒரு குறையும் இல்ல, கிராமி மேடைல ரெண்டு பேரும் சேந்து பாடறப்ப அவரு அவங்களப் பாத்த பார்வைலயே பக்தி தெரியும். ஆனா பாருங்க, 1966ல கறுப்பு முகத்த மறைச்சாத்தான் பாட்டு போகும்னாங்க, 2023ல வெள்ள முகத்த முன்னாடி வச்சதும் போச்சு. முகத்தோட வேலை முடியவே இல்ல.

ஊருக்குத் திரும்பறதுக்கு ஒரு வாரம் முன்னாடி நாஷ்வில் ப்ராட்வே தெருவுல ஒரு ஹாங்கி டாங்க் பாருக்குப் போயிருந்தேன், தனியா. மேடைல பேண்டு வாசிக்குது, காசு போட்டு சீட்டு எழுதிக் குடுத்தா பாடுவாங்க. நான் பிரைடோட அந்தக் காலைப் பாட்ட எழுதிக் குடுத்தேன். பக்கத்துல நின்ன ஒரு பெரியவரு, தொப்பி பெல்ட்டு பூட்ஸ் எல்லாம் போட்டவரு, ரொம்ப அன்பா கேட்டாரு, "உனக்கு இந்த மியூசிக் எல்லாம் பிடிக்குமா?" எனக்குக் கோவம் வரல, அவரு நல்ல மனசோட தான் கேட்டாரு. எனக்கு ஒரு பீரும் வாங்கிக் குடுத்தாரு. ஆனா நான் பதில் சொல்றப்ப அசடு வழிய சிரிச்சு, "ஆமா, நான் கொஞ்சம் விசித்திரமான ஆளு"ன்னு சொன்னேன். சொல்லி முடிச்சப்புறம் தான் உறைச்சுது என்ன சொன்னோம்னு.

மறுநாள் ஆபீஸ்ல இத மெம்ஃபிஸ்காரர்கிட்ட சொன்னப்ப அவரு சிரிக்கல. அவங்க அப்பாவப் பத்திச் சொன்னாரு. லாரி ஷெட்ல மெக்கானிக்கா இருந்தவரு, ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்குப் போயிட்டு வந்ததும் சார்லி பிரைடு போடுவாராம். யாராவது நண்பர்கள் வீட்டுக்கு வர்ற சத்தம் கேட்டா சவுண்ட கொறச்சுடுவாரு, இல்ல தட்ட மாத்தி காஸ்பெல்னு சர்ச் பாட்டு போட்டுடுவாரு. வெள்ளக்காரங்க பாட்டக் கேக்கறான்னு தெருவுல பேசுவாங்களே. அதாவது பிரைடு ரெண்டு பக்கமும் ஒளிச்சு வைக்கப்பட்ட ஆளு, ஒரு பக்கம் போட்டோ இல்லாம, இன்னொரு பக்கம் சவுண்டு இல்லாம. எனக்கு இந்தக் கோணம் அதுவரைக்கும் தோணவே இல்ல.

2020 நவம்பர்ல பிரைடுக்கு சிஎம்ஏ வாழ்நாள் சாதனை விருது குடுத்தாங்க. 86 வயசு. மேடை ஏறி, நம்பமாட்டீங்க, எனக்கு பயங்கர பதட்டமா இருக்குன்னு சொன்னாரு. ஒரு மாசம் கழிச்சு டிசம்பர் 12 அன்னைக்கு கோவிட்ல போயிட்டாரு. நான் அப்ப சென்னைக்கு வந்து பல மாசம் ஆச்சு. மெம்ஃபிஸ்காரருக்கு மெசேஜ் போட்டேன். பதிலுக்கு ஒரு போட்டோ வந்துச்சு, அவங்க அப்பா வீட்டுப் பரண்ல இருந்து எடுத்த எல்பி ரெக்கார்டு அட்டை. முனையெல்லாம் மழுங்கி, நடுவுல தட்டோட வட்டம் வெள்ளையா தேஞ்சு தெரியுது. பிரைடு முகம் அட்டை பூரா. வலது பக்க மூலைல பால் பாயிண்ட் பேனால, அழுத்தி, ரெண்டு தடவ எழுத்து மேலயே எழுதி, அவங்க அப்பா தன் பேர எழுதி வச்சிருக்காரு.